ஏழாம் நம்பருக்காக ஒரு கிடா

குழந்தைசாமிக்கு வலது தோள் எரிந்தது. இடது தோள் எரியவில்லை. அது மரத்துப்போய் வெகுநேரம் ஆகிவிட்டது. காரவள்ளி அடிவாரத்திலிருந்து செங்குத்துப் பாதை நெடுக மூங்கில் தண்டைத் தோள் மாற்றித் தோள் மாற்றிச் சுமந்து வந்ததில், முழங்கால் இரண்டும் யாரோ இரவல் கொடுத்தவை போல நடுங்கின. தண்டில் தொங்கியது ஒரு மின்சார எஞ்சின். எருமைக்கன்று கனம். எருமைக்கன்றாக இருந்தால் நடுவழியில் இறக்கிவிட்டுக் கொஞ்ச தூரம் நடக்கவாவது வைக்கலாம். இது எண்ணெயை ஒழுக்கிக்கொண்டு சும்மா தொங்கியது.

சோளக்காட்டுச் சந்தைத் திடலில் அதை இறக்கியதும் கூடத் தூக்கி வந்தவர்கள் அப்படியே மண்ணில் மல்லாந்தார்கள். குழந்தைசாமி உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று அவனுக்குத் தெரியும்.

"ஏன் மாமா, இதுக்குள்ள என்னதான் இருக்குது?" என்று படுத்தபடியே கேட்டான் செங்கோடன். அவன் குழந்தைசாமியின் மச்சினன், பெண்டாட்டி பாவாயியின் தம்பி.

"கரண்டாம்."

"கரண்டு இத்தனை கனமா?"

"கரண்டு கனமில்லீடா. அதைப் பூட்டி வெச்சிருக்கிற இரும்புதான் கனம்."

சண்டைக் காலம் அது. பட்டாளத்தில் மோட்டார் ஓட்ட ஆள் வேண்டும் என்று சர்க்கார் ஊர் ஊராகப் படம் காட்டிக்கொண்டிருந்தது. கீழ்நாட்டு ஊர்களுக்கெல்லாம் வண்டியிலேயே போன படம், வண்டித்தடமே இல்லாத கொல்லிமலைக்கு மனிதத் தோளில் ஏறி வந்தது. படம் காட்டுகிற சுப்பையன் சேலத்து ஆள். காக்கி அரைக்கால்சட்டையும் தொப்பியுமாக விறைப்பாகக் கிளம்பியவர், பாதித் தூரம் காலாலும் மீதித் தூரம் காலாலும் கையாலுமாக ஏறி வந்து சேர்ந்தார். வந்ததும், "இது மலையா, சுவரா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு மிளகுக் கிடங்கின் வாசலில் சாய்ந்து, ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார்.

குழந்தைசாமி தோளைத் தேய்த்துக்கொண்டு சிரித்தான். அவனுக்குச் சிரிக்கக் காரணம் இருந்தது. அடுத்த சந்தைக்குப் பிறகு இந்தத் தோளில் எதுவும் ஏறப்போவதில்லை. காளப்பநாயக்கன்பட்டி வேலப்பனிடம் ஒரு மட்டக்குதிரை இருந்தது. பழுப்பு நிறம், கால் உரமானது, உப்பு மூட்டை இரண்டைப் போட்டாலும் முகம் சுளிக்காதது. வேலப்பனுக்கு ஆட்டுப்பட்டிக்கு ஒரு பொலிகிடா வேண்டும். குழந்தைசாமியிடம் கறுப்புக் கிடா இருந்தது. கிடாயும் ஒரு மூட்டை மிளகும் அந்தப் பக்கம், குதிரை இந்தப் பக்கம் என்று பேச்சு முடிந்திருந்தது. கிடாயைப் பார்க்க வேலப்பன் வந்த அன்று நல்ல மழை. மற்ற ஆடெல்லாம் கத்திக்கொண்டு கொட்டாய்க்குள் ஓட, கறுப்பு மட்டும் மழையிலேயே நின்று கொழுக்கட்டைப் புல்லை மென்றது. ஒரு சிலுப்புக்கூடச் சிலுப்பவில்லை.

"கல்லுல அடிச்சு வெச்சாப்ல நிக்குதே!" என்று வேலப்பன் சொக்கிப்போய் அதன் விலாவைத் தட்டிவிட்டுப் போனான்.

ஆகவே இதுதான் கடைசிச் சுமை என்கிற நினைப்பில்தான் குழந்தைசாமி எஞ்சினைத் தூக்கினான். அதே நினைப்பில்தான் காரவள்ளியில் ஒரு காரியமும் செய்தான். சுமையில் தகரப் பெட்டிகள் இரண்டு இருந்தன. ஒன்றைச் செங்கோடன் தலையில் கட்டினான். இன்னொன்றுக்கு ஆள் இல்லை. சுப்பையன் அதற்குள் முன்னால் ஏறிப் போயிருந்தார். "ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்குது, ஒண்ணு போதும்" என்று சொல்லிவிட்டு, மற்றதைக் குழந்தைசாமி அங்கேயே மயிலம்மாளின் இட்லிக் கடையில் வைத்துவிட்டு வந்துவிட்டான்.

மிளகுக் கிடங்கைத்தான் கொட்டகையாக்கினார்கள். பொழுது இருக்கும்போதே படம் காட்ட வேண்டுமென்றால் இருட்டு வேண்டும். சன்னல்களிலும் கதவிலும் கம்பளிகளைத் தொங்கவிட்டு, மிளகு மூட்டைகளை ஓரம் தள்ளி, சுவரில் ஒரு வேட்டியைக் கட்டினார்கள். சந்தைக்கு வந்த சனம் மொத்தமும் உள்ளே புகுந்தது. மிளகுத் தூள் கிளம்பியது. படம் தொடங்கும் முன்பே கிடங்கு முழுக்கத் தும்மல்.

"தும்மறதுன்னா இப்பவே தும்மிக்குங்க! படம் ஓடறப்ப யாரும் தும்மப்படாது!" என்று கத்தினார் சுப்பையன். கத்தி முடித்ததும் அவரே மூன்று முறை தும்மினார்.

எஞ்சின் வெளியே உறுமியது. வேட்டியில் வெளிச்சம் விழுந்தது. முதலில் தண்ணீர் வந்தது. கரையே இல்லாத தண்ணீர்.

"ஆத்தாடி, எந்த ஏரிங்க இது?" என்றாள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த கண்ணாயி. பாவாயிக்கு அடுத்த வீட்டுக்காரி. எங்கே போனாலும் இரண்டு பேரும் சேர்ந்துதான் போவார்கள்.

"சமுத்திரம்மா. நடுவுல ஒரு தீவு. வெள்ளைக்காரங்க ஊரு" என்றார் சுப்பையன். படம் இங்கிலீசில் பேசியது. அதைவிட உரக்க அவர் தமிழில் பேசினார். "அந்தத் தீவுல வருசா வருசம் ஒரு பந்தயம். மோட்டார் சைக்கிள் பந்தயம். மலையைச் சுத்தி ரோடு. காத்து மாதிரி போவான். விழுந்தான்னா எலும்பு பொறுக்கக்கூட ஆகாது. ஆனாலும் போவான். அதுதான் வீரம்!"

மலை வந்தது. மேகம் தவழும் மலை. ஓரத்தில் கல்லடுக்கிய சுவர். கிடங்கு கலகலத்தது.

"அட, நம்ம மலையாட்டமே இருக்குதே!"

"நம்ம மலைதான். ரோடு மட்டுந்தான் அவுங்களுது."

வண்டிகள் வரிசையாக நின்றன. தோல் சட்டை போட்ட ஆட்கள். நெஞ்சில் எண். சந்தைக் கூட்டத்தில் மோட்டார் சைக்கிளைக் கண்ணால் பார்த்தவன் குழந்தைசாமி ஒருவன்தான். காளப்பநாயக்கன்பட்டியில் ஒரு தடவை போலீஸ்காரர் ஒருவர் கொண்டுவந்து நிறுத்தியதை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்திருக்கிறான். ஆகவே கேள்வியெல்லாம் அவன் பக்கம் திரும்பியது.

"ஏனுங்க குழந்தைசாமி, அது தீனி திங்குமா?"

"எண்ணெய் குடிக்கும். பின்னால பொகை விடும்."

"ஒதைக்குமா?"

"அதை நாமதான் ஒதைக்கோணும். ஒதைச்சாத்தான் கெளம்பும்."

வண்டிகள் கிளம்பின. எஞ்சின் சத்தமும் படச் சத்தமும் சேர்ந்து கிடங்கு அதிர்ந்தது. ஒரு வண்டி நேராக எதிரே பாய்ந்து வந்தபோது முன்வரிசை மொத்தமும் மூட்டைகளின் மேல் சரிந்தது. கண்ணாயி கூடையைத் தலைக்குமேல் கவிழ்த்துக்கொண்டாள். வண்டி போன பிறகு கூடைக்குள்ளிருந்து சத்தம் வந்தது. "போயிட்டானா?"

"போயிட்டான், எந்திரி."

கொஞ்ச நேரம் கழித்து, பின்னாலிருந்து செங்கோடன் நியாயமான ஒரு சந்தேகத்தைக் கேட்டான். "ஏனுங்க ஐயா, இவன் என்ன சரக்கு கொண்டுக்கிட்டுப் போறான்?"

"சரக்கா? சரக்கெல்லாம் ஒண்ணுமில்லைப்பா."

"வெறும் முதுகா போறான்?"

"ஆமா."

"எந்த ஊருக்கு?"

"எந்த ஊருக்கும் இல்ல. மலையைச் சுத்திட்டுப் பொறப்பட்ட எடத்துக்கே வருவான்."

கிடங்கில் சிரிப்பு கிளம்பியது. அவரவர் தோளைத் தடவிக்கொண்டு, அவரவர் முழங்காலைத் தட்டிக்கொண்டு சிரித்தார்கள். வெறும் முதுகோடு மலையேறுகிறவன். அதிலும் அவசரமாக ஏறுகிறவன். ஏறி ஒன்றும் இறக்காமல் திரும்பி வருகிறவன். அப்படியொரு ஆளை அந்த மலை கண்டதில்லை.

"பின்னால ஒரு உப்பு மூட்டையாவது கட்டிக்கிட்டா போற போக்குல போட்டுட்டுப் போலாமில்ல!" என்றாள் கண்ணாயி. சுப்பையனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. வீரத்தைப் பற்றி அவர் பாடம் பண்ணி வந்த பேச்சு அதோடு நின்றுபோனது.

பாவாயி மட்டும் சிரிக்கவில்லை. அவள் ஏழாம் நம்பரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னப் பையன். மீசை சரியாக முளைக்காதவன். கிளம்பும் முன் அவனுடைய அம்மா வந்து அவன் தலைத்தொப்பியின் வாரை இழுத்துக் கட்டினாள். கட்டிவிட்டு, அவன் போன பிறகும் அந்தக் கையை இறக்காமலே நின்றாள். அதைப் பார்த்ததிலிருந்து பாவாயிக்கு மற்ற நம்பரெல்லாம் கண்ணில் படவில்லை.

"தழை போடாமப் போறானே" என்று அவள் முணுமுணுத்தாள்.

மலைப்பாதையில் கொண்டை வளைவு எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் காவல் சாமியாக ஒரு கல் இருக்கும். சுமை தூக்குகிறவன் ஒரு பச்சைத் தழையைக் கிள்ளி அதன்மேல் போட்டுவிட்டுத்தான் திரும்புவான். ஏழாம் நம்பர் ஒரு வளைவிலும் நிற்கவில்லை. ஒவ்வொரு வளைவிலும் பாவாயி வேட்டியை நோக்கிக் கையை நீட்டினாள். "போடு கண்ணு, ஒரு தழை போட்டுட்டுப் போ சாமி" என்று கெஞ்சினாள். அவன் காதில் விழவில்லை. மற்றவர்களை ஒவ்வொருவராகப் பின்னுக்குத் தள்ளிவிட்டு முன்னால் வந்துகொண்டிருந்தான். இப்போது கிடங்கு முழுக்க அவன் பக்கம் சாய்ந்துவிட்டது. சிரித்தவர்களே எழுந்து நின்று கூவினார்கள்.

மேகம் வந்து ரோட்டை மூடியது. ஒரு வளைவு. வண்டி வழுக்கியது. வண்டி ஒரு பக்கம் போக, பையன் கல் சுவரைத் தாண்டி மேகத்துக்குள் பறந்தான்.

"பெரியண்ணா!" பாவாயி எழுந்து இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிவிட்டாள். "பெரியண்ணசாமி, அந்தப் பையனைப் பொழைக்க வையி! எங்கூட்டுக் கறுப்புக் கெடாயை உனக்கு வெட்டறேன்!"

டப் என்று ஒரு சத்தம். வேட்டி வெள்ளையானது. சுருள் முடிந்துவிட்டது.

குழந்தைசாமிக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. பையன் விழுந்ததில் அவனுக்கும் மூச்சு நின்றிருந்தது. பிறகு, பெண்டாட்டி சொன்னது காதிலிருந்து மண்டைக்குள் மெல்ல ஏறியது. கறுப்புக் கிடா. மட்டக்குதிரை. தோள் மறுபடியும் எரிய ஆரம்பித்தது, இந்தத் தடவை இரண்டும்.

"ஏ பாவாயி! என்ன காரியம் பண்ணிப்போட்டே!"

"நானென்னுங்க பண்ணுவேன், வாயில வந்துருச்சு."

"வாயில கோழி வரக்கூடாதா? கோழின்னு வந்திருந்தா நான் ஏன்னு கேப்பனா?"

"அம்புட்டு ஒசரத்துல இருந்து விழறான், கோழிக்கெல்லாம் சாமி எறங்கி வருமா?" என்றாள் பாவாயி. அது நியாயமாகத்தான் பட்டது. அதனால்தான் அவனுக்கு இன்னும் கோபம் வந்தது.

கிடங்குக்குள் ஒரே கூச்சல். பிழைத்தானா, செத்தானா? ஆளுக்கொரு பக்கம். மேகத்துக்கு அந்தப்புறம் புல்லுத்தரைதான் என்று ஒருவன் அடித்துச் சொன்னான். பாறை என்றான் இன்னொருவன். நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்த மாதிரி இரண்டு பேரும் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். எல்லாரும் சேர்ந்து சுப்பையனைச் சூழ்ந்தார்கள்.

"ரெண்டாவது சுருள்ல இருக்கும்" என்றார் அவர். "சத்தியமா நானே பாக்கலைங்க. முந்தாநாள்தான் சேலத்துக்கு வந்துச்சு இந்தப் படம். மெசின்ல ஏறுதான்னு முதச் சுருளை மட்டும்தான் ஓட்டிப் பாத்தேன். ரெண்டாவது பெட்டி எங்கப்பா?"

செங்கோடன் குழந்தைசாமியைப் பார்த்தான். குழந்தைசாமி கூரையைப் பார்த்தான்.

பெரியண்ணசாமி கோயில் பூசாரி அர்த்தனாரியும் கூட்டத்தில் இருந்தார். மெலிந்த மனிதர், சிரிக்காமல் சிரிப்பு மூட்டுகிறவர். குழந்தைசாமி அவரைப் பிடித்துக்கொண்டான். "பூசாரிக்காரரே, நீங்களே சொல்லுங்க. இது படம்தான? நெசமில்லையே?"

"நெசந்தாம்ப்பா" என்று குறுக்கே விழுந்தார் சுப்பையன். "நடந்ததை நடந்தபடியே புடிச்சது. சண்டைக்கு முன்னாடி எடுத்தது."

குழந்தைசாமிக்கு ஒரு வழி தெரிந்தது. "கேட்டீங்களா? எப்பவோ விழுந்தவன். பொழைச்சிருந்தா அப்பவே பொழைச்சிருப்பான், செத்திருந்தா அப்பவே செத்திருப்பான். இன்னைக்கு இவ நேந்துக்கிட்டு என்னாகப் போகுது? செல்லாதுல்ல?"

கூட்டம் பூசாரியைப் பார்த்தது. அர்த்தனாரி வெற்றிலையை ஒரு கடைவாயிலிருந்து மறு கடைவாய்க்கு மாற்றினார்.

"நேத்து இன்னைக்கெல்லாம் நமக்கு. சாமிக்கு ஏது? பின்னால ஒரு நாள் சோளக்காட்டுல பாவாயின்னு ஒருத்தி வேண்டிக்குவான்னு சாமிக்கு அன்னைக்கே தெரியாதா? தெரிஞ்சுதான் ஒரு கையைக் குடுத்திருக்கும். பையன் பொழைச்சிருந்தா, கெடா குடுக்கோணும். செத்திருந்தா, சாமி கேக்கல. கெடா உன்னுது. முடிஞ்சுது."

அவ்வளவுதான். குழந்தைசாமியின் குதிரை இப்போது ஒரு வெள்ளைக்காரப் பையனின் உயிரில் தொங்கியது. செத்திருந்தால் குதிரை. பிழைத்திருந்தால் மூங்கில் தண்டு. செத்துத் தொலைந்திருக்கட்டும் என்று ஒரு நினைப்பு ஓடி வந்தது. கூடவே தொப்பி வாரைக் கட்டிய அந்த அம்மாவின் கை கண்ணுக்குள் வந்தது. சே என்று நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"பெட்டி காரவள்ளியில இருக்குது. நான்தான் உட்டுட்டு வந்தேன்" என்றான்.

மொத்தக் கிடங்கும் அவனைத் திட்டியது. திட்டி முடித்த பிறகு, அதை எடுத்து வரவும் அவனையே அனுப்பியது. சுப்பையன் எங்கேயும் ஓடிவிடமாட்டார். அவர் முழங்காலுக்கு விளக்கெண்ணெய் தேய்க்கவே இரண்டு ஆள் தேவைப்பட்டது.

மறுநாள் விடியலில் குழந்தைசாமி இறங்கினான். கூடவே செங்கோடனும் வந்தான்.

"மாமா, நான் ஒண்ணு சொல்லட்டுமா? பெட்டி உருண்டு பள்ளத்துல போச்சுன்னு சொல்லிப்போடு. யாரு எறங்கிப் பாக்கப் போறா?"

குழந்தைசாமி நாலடி முன்னால் போய் இறங்கினான்.

மயிலம்மாள் கடையில் தகரப் பெட்டி இருந்தது. அதன்மேல் சட்னிச் சட்டி இருந்தது. "நல்ல ஒசரமா இருந்துச்சு, அதான்" என்றாள் அவள். சட்டியை இறக்கும்போது சமாச்சாரம் கேட்டாள். செங்கோடன் சொல்லத் தொடங்கினான். பையன் சுவரைத் தாண்டிப் பறந்த இடத்தில் அவள் இட்லி ஊற்றுவதை நிறுத்திவிட்டாள். மாவு கரண்டியிலிருந்து சொட்டியது.

"அப்பறம்?"

"அப்பறம் இந்தப் பொட்டிக்குள்ள."

"அடப் பாவிகளா! இத்தனை நேரம் அந்தப் பையன் தலைமேலயா சட்டினியை வெச்சிருந்தேன்?" முந்தானையால் பெட்டியைத் துடைத்தாள். இரண்டு பேருக்கும் காசு வாங்காமல் இட்லி வைத்தாள். "பொழைச்சானா இல்லியான்னு மேலருந்து வர்ற மொத ஆளுகிட்டச் சொல்லியனுப்போணும், ஆமா."

ஏறும்போது பாதிவழியில் ஊற்றுப் பக்கம் சுமையை இறக்கினார்கள். அந்த இடத்தில் பாதையை ஒட்டிச் செங்குத்தான பள்ளம். கீழே மரங்களின் தலை மட்டும்தான் தெரியும். செங்கோடன் தண்ணீர் குடிக்கப் போனான். குழந்தைசாமி தனியாகப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தான். பெட்டி விளிம்பில் இருந்தது. காலால் லேசாக ஒரு தள்ளு. அவ்வளவு போதும். குதிரை வந்துவிடும். பழுப்புக் குதிரை, உரமான கால்.

காலை நீட்டினான். பெட்டி கொஞ்சம் ஆடியது. மடக்கிக்கொண்டான்.

சாமிக்குப் பயந்தா என்றால், அதுவும் கொஞ்சம் இருந்தது. ஆனால் பெரிய காரணம் அது இல்லை. பெட்டி போய்விட்டால் அந்தப் பையன் என்ன ஆனான் என்று சாகிறவரைக்கும் தெரியாது. குதிரைமேல் உப்பு மூட்டையைக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு வளைவைத் திரும்பும்போதும் அவன் மேகத்துக்குள் பறந்துகொண்டே இருப்பான். விழவும் மாட்டான், எழவும் மாட்டான். அதை யார் சுமப்பது? அந்த எஞ்சினைவிடக் கனம்.

பெட்டியைத் தானே தலையில் வைத்துக்கொண்டான். வளைவுக் கல்லில் ஒரு தழையைக் கிள்ளிப் போட்டான். கொஞ்சம் யோசித்து, இன்னொன்றையும் கிள்ளிப் போட்டான்.

"அது யாருக்கு மாமா?" என்றான் செங்கோடன்.

"நீ நட."

மேலே சேர்ந்தபோது சந்தை நாள் கூட்டத்தைவிடப் பெரிய கூட்டம். மலையில் செய்தி காட்டுத்தீ மாதிரி பரவியிருந்தது. தூரத்து ஊர்களிலிருந்தெல்லாம் சோற்று மூட்டையோடு வந்திருந்தார்கள். முதல் சுருளைப் பார்க்காதவர்களுக்குப் பார்த்தவர்கள் நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள். கண்ணாயி கூடையை எதிரே நீட்டி வண்டி ஓட்டிக் காட்டினாள்.

கம்பளிகள் தொங்கின. தும்மல் அடங்கியது. எஞ்சின் உறுமியது.

வண்டிகள் வந்தன. மூன்றாம் நம்பர் முன்னால் போனான். "பாருங்க, பாருங்க, மூணாம் நம்பர் ஜெயிக்கப் போறான்!" என்றார் சுப்பையன்.

"அவன் கெடக்கறான்! ஏழாம் நம்பரைக் காட்டுங்க!"

"நானா காட்டறேன்? அது எப்பக் காட்டுதோ அப்பத்தான்."

மூன்றாம் நம்பர் ஜெயித்தான். மாலை போட்டார்கள். கிடங்கில் ஒரு கை தட்டவில்லை. சில பேர் அவனைத் திட்டினார்கள். குழந்தைசாமி தன் துண்டை முறுக்கி முறுக்கிக் கயிறாக்கிவிட்டிருந்தான். பக்கத்தில் பாவாயி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

"வந்தாச் சொல்லுங்க" என்றாள்.

மேகம் வந்தது. கல் சுவர் வந்தது. சுவருக்கு அந்தப்புறம் புல். புல்லில் ஒரு ஆள், சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தான். ஒரு கையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். மறு கையில் ஏதோ ரொட்டி. நெஞ்சில் ஏழு. முகமெல்லாம் சேறு. யாரோ ஏதோ கேட்க, அந்தச் சேற்றுக்குள்ளிருந்து பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். அப்புறம் அம்மா வந்தாள். வந்தவள் அவன் தலையில் ஒன்று போட்டாள்.

"பொழைச்சுட்டான்!" என்று கத்திக்கொண்டு மிளகு மூட்டைமேல் ஏறிக் குதித்தது குழந்தைசாமிதான். "ஏ பாவாயி, கண்ணைத் தொறடி, பொழைச்சுட்டான்! ரொட்டி திங்கறான் பாரு! அம்மாகாரி போட்டா பாரு ஒண்ணு!"

கிடங்கு கூரை பிய்ந்துவிடும் போலக் கூச்சல். பாறை என்று சண்டை போட்டவன் புல் என்று சொன்னவனைக் கட்டிப் பிடித்தான். மூட்டை வெடித்து மிளகு சிதறியது. மொத்தச் சனமும் தும்மிக்கொண்டே சிரித்தது, சிரித்துக்கொண்டே தும்மியது. பாவாயி அழுதாள். சுப்பையன் இன்னொரு தடவை அந்த இடத்தை ஓட்டிக் காட்டும்படி ஆனது. இன்னொரு தடவையும் ஆனது. ஒவ்வொரு தடவையும் அம்மா அடிக்கிற இடத்தில் பெண்கள் எல்லாரும் சேர்ந்து "போடு!" என்றார்கள்.

மூட்டையிலிருந்து இறங்கிய பிறகுதான் குழந்தைசாமிக்குக் கிடா ஞாபகம் வந்தது. எதிரே அர்த்தனாரி நின்றிருந்தார். வெற்றிலை கடைவாய் மாறியது.

"அமாவாசைக்குக் கொண்டாந்துரு" என்றார்.

சுப்பையன் கிளம்பும்போது கடமைக்கு ஒரு கேள்வி கேட்டார். "சரிப்பா, பட்டாளத்துல மோட்டார் ஓட்ட யாரு வாரீங்க?"

"எங்க ஊட்ல நேந்துக்கக் கெடா இல்லீங்க ஐயா" என்றான் செங்கோடன். எல்லாரும் அதையே சொன்னார்கள். அவரை மூங்கில் தண்டில் தூளி கட்டித்தான் கீழே இறக்கினார்கள். எஞ்சினைவிட அவர் கனம் கம்மி, பேச்சு ஜாஸ்தி.

அமாவாசை அன்று பெரியண்ணசாமி கோயிலில் திருவிழாக் கூட்டம். காளப்பநாயக்கன்பட்டி வேலப்பனும் விஷயம் கேள்விப்பட்டு மட்டக்குதிரையைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்திருந்தான். "ஒருவேளை சாமி மனசு மாறினா நான் பக்கத்துலயே இருக்கட்டும்னு பாத்தேன்" என்றான். குழந்தைசாமி குதிரையைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தான். முடியவில்லை. அது அவனைப் பார்த்துக் காதை ஆட்டியது.

கறுப்புக்கு மஞ்சள் பூசி மாலை போட்டு நிறுத்தினார்கள். அந்தக் கோயிலில் ஒரு சட்டம் உண்டு. கிடாயின் தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அது உடம்பைச் சிலுப்பினால் சாமி ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம்; கத்தி இறங்கும். சிலுப்பாத கிடாயை வெட்டமாட்டார்கள்.

அர்த்தனாரி ஒரு சொம்பு ஊற்றினார். கறுப்பு மாலையிலிருந்து ஒரு பூவை இழுத்துத் தின்றது. இன்னொரு சொம்பு. இன்னொரு பூ. ஒரு குடத்தையே கவிழ்த்தார். கிடா கண்ணை ஒரு தடவை மூடித் திறந்தது. மழையில் நின்ற மாதிரியே நின்றது.

"கல்லுல அடிச்சு வெச்சது" என்றான் வேலப்பன் பெருமையாக.

பெண்கள் குலவையிட்டுப் பார்த்தார்கள். கண்ணாயி அதன் காதருகே போய் மோட்டார் சைக்கிள் மாதிரி உறுமிக்கூடப் பார்த்தாள். மாலை தீர்ந்துவிட்டது, கிடா பூசாரியின் வேட்டியை நக்கத் தொடங்கியது.

குழந்தைசாமி ஒரு அடி முன்னால் வந்தான். "சாமி வேண்டாங்குதுங்களா?" என்று மெல்லக் கேட்டான். வேலப்பன் குதிரையின் கயிற்றை ஒரு சுற்று அவிழ்த்தான்.

"வேண்டான்னு சொல்லல" என்றார் அர்த்தனாரி, நனைந்த வேட்டியைப் பிழிந்துகொண்டு. "இப்ப வேண்டாங்குது. யாரு பொழைச்சானோ அவன் வந்து தண்ணி ஊத்தோணும்னு நிக்குதாட்ட இருக்குது. அதும் நாயம்தான? பொழைச்சவன் ஒருத்தன், நனையறவன் நானா?"

"அவன் எப்பங்க வருவான்?"

"சண்டை முடிஞ்சு கப்பல் உட்டா வருவான். ரோடு இல்லாட்டியும் வருவான். அவன்தான் மலைன்னா உடமாட்டானே!"

கூட்டம் சிரித்தது. கோயிலே சிரித்தது. குழந்தைசாமியும் சிரித்துவிட்டான், வேறென்ன செய்வது? நேர்ந்துவிட்ட கிடாயை விற்கவும் முடியாது, மாற்றவும் முடியாது. வேலப்பன் குதிரைமேல் குழந்தைசாமியின் மிளகு மூட்டையை ஏற்றிக் கீழே விற்றுத் தருவதாகச் சொல்லி, அந்த ஒரு நடைக்கு மட்டும் தோளைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டுப் போனான்.

கறுப்புக்கு அன்றிலிருந்து ஏழாம் நம்பர் என்று பேர். சாமி கிடா என்பதால் யாரும் அதைக் கட்டிப்போடுவதில்லை, அடிப்பதும் இல்லை. கொள்ளையடித்தது போக மீதி நேரத்தில் அது பாறைமேல் நிற்கும். அவரைப் பந்தலுக்குள் பாய்ந்துவிட்டு வேலியைத் தாண்டிப் பறக்கும்போது, "ஏழாம் நம்பர் போறான், வழி உடு!" என்று பிள்ளைகள் கத்தும். பாவாயி அதன் நெற்றியைத் தடவிக் கொடுத்துவிட்டுக் கீழ்ப்பாதையை ஒரு தரம் எட்டிப் பார்ப்பாள்.

குழந்தைசாமி மூங்கில் தண்டை எடுத்து வலது தோளில் வைத்துக்கொண்டு காரவள்ளிக்கு இறங்குகிறான். வளைவுக் கல்லில் தழை கிள்ளிப் போடுகிறான், தனக்கொன்று, அந்தப் பையனுக்கொன்று. அவன் வரவில்லை. பெரியண்ணசாமிக்குக் குழந்தைசாமி வீட்டிலிருந்து ஒரு கறுப்புக் கிடா பாக்கி.